மலையடிவாரத்தில் சுரங்கம் வருதாம்: கோர்ட்டு எதைப் பார்க்கும்?

இந்த மாதம் சட்டப் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஏழு ஒரே ஊரிலிருந்து வந்தவை. பேராக், பத்தாங் பாடாங் மாவட்டத்தில் உள்ள ஒரு தோட்டப் பட்டணம். ஊர்ப் பெயர் வேண்டாம் என்று எழுதியவர்களே கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டோம். தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் மலையடிவாரத்தில் ஈயம் தோண்ட யாரோ குத்தகைக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. பெரும்பாலோர் பயந்துபோய் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் எதிர்ப்பக்கம்: அவரே குத்தகை கேட்டுக் கிடைக்காமல் போனவர். எல்லாக் கடிதத்திலும் கோர்ட்டு வருகிறது. அங்கே என்ன நடக்கும் என்பதில்தான் ஆளுக்கொரு கணக்கு.

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற மண்டோர். குத்தகை விண்ணப்பம் ஈப்போ ஹைக்கோர்ட்டுக்கு விசாரணைக்கு வருமாம், அங்கே போய் ஆட்சேபம் சொல்லலாமாம். டீக்கடையில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். நானூறு கையெழுத்துக்கு மேல் வாங்கி வைத்திருக்கிறோம். நீதிபதி கையில் நேரே கொடுக்கலாமா?

பதில்: விண்ணப்பம் கோர்ட்டுக்கு வராது, ஐயா. சுரங்கக் குத்தகை, மலாயில் பஜாக்கான் மெலொம்போங், மாநில அரசு கொடுக்கும் பொருள். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் நிலமும் சுரங்கக் குத்தகையும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. பேராக்கில் அதற்குரிய சட்டம் 2003-ஆம் ஆண்டின் மாநிலக் கனிமச் சட்டம். விண்ணப்பம் நில, சுரங்க இயக்குநர் அலுவலகமான பிதிஜி வழியாகப் போகும். தொழில்நுட்பத் துறைகள் கருத்துச் சொல்லும், மாநிலக் கனிமவளக் குழு பார்க்கும், முடிவு மாநில அதிகாரத்தின் பெயரில் வரும். குத்தகை கிடைத்த பிறகு சுரங்கத்தை எப்படி நடத்த வேண்டும் என்பதைக் கூட்டரசின் 1994-ஆம் ஆண்டுக் கனிம மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. அதைக் கவனிப்பது ஜேஎம்ஜி எனப்படும் கனிமவள, புவி அறிவியல் துறை.

கோர்ட்டு வருவது இதெல்லாம் முடிந்த பிறகு. அப்போதும் "இந்த மலையில் சுரங்கம் வரலாமா, கூடாதா" என்று நீதிபதி கேட்கமாட்டார். தோட்டத்து வழக்கில் சொன்னால், அவர் மரம் வெட்ட வருபவர் அல்லர், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைத் திருப்பிப் பார்க்கும் பெரிய கிராணி (தலைமைக் கணக்கர்). முடிவெடுத்தவருக்கு அந்த அதிகாரம் உண்டா? சட்டம் சொன்ன படிகளை ஏறித்தான் முடிவுக்கு வந்தாரா? பார்க்க வேண்டியதைப் பார்த்தாரா, பார்க்கக் கூடாததைப் பார்த்தாரா? எந்த நியாயமான அதிகாரியும் எடுக்க மாட்டாத அளவுக்கு முடிவு அபத்தமாக இருக்கிறதா? அவ்வளவுதான். பதில்கள் அரசுக்குச் சாதகமாக இருந்தால், நீதிபதிக்கே அந்தச் சுரங்கம் பிடிக்காவிட்டாலும் மனு தள்ளுபடி ஆகும்.

ஆகவே கையெழுத்துகளை நீதிபதிக்காக வைத்திருக்க வேண்டாம். முடிவு வருவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டியவை அவை. மகஜரை நான்கு படி எடுங்கள். ஒன்று பிதிஜிக்கு, ஒன்று தாப்பா மாவட்ட நில அலுவலகத்துக்கு, ஒன்று சுற்றுச்சூழல் துறைக்கு. நான்காவது படி உங்களுடையது. கவுண்டரில் அதை நீட்டி "தெரிமா" (பெறப்பட்டது) முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். பிற்காலத்தில் வழக்கு வந்தால் அந்த நீலமை முத்திரைக்கு நானூறு கையெழுத்தைவிடக் கனம் அதிகம். "இப்படி ஒரு ஆட்சேபம் இருப்பதே தெரியாது" என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. தெரிந்தும் அதைப் பரிசீலிக்கவே இல்லை என்றால் அதுவே ஒரு வாதம்.

மகஜரில் "எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்படும்" என்று பொதுவாக எழுதினால் பயன் குறைவு. எந்த ஆற்றிலிருந்து எத்தனை வீடுகள் தண்ணீர் எடுக்கின்றன, பள்ளிக்கூடம் எத்தனை மீட்டர் தொலைவு, லாரி எந்தச் சாலையில் போகும், போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று எழுதுங்கள். பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்கிற நிலையை உண்டாக்குபவை அப்படிப்பட்ட வரிகள்.

கேள்வி: நான் சிறிய குத்தகையாளர். தேடல் உரிமம் வாங்கி, குழி போட்டு, மண் மாதிரி எடுத்து, ஈயம் இருக்கிறது என்று அறிக்கையோடுதான் பஜாக்கான் கேட்டேன். பல மாதம் கழித்து ஒரே வரியில் பதில்: "தீடாக் டிலுலுஸ்கான்" (அனுமதிக்கப்படவில்லை). காரணம் இல்லை. இப்போது அதே இடம் வேறு ஒருவருக்குப் போகிறதாம். மந்திரி பெசாருக்கு ராயுவான் (மேல்முறையீடு) எழுதியிருக்கிறேன். கோர்ட்டுக்குப் போனால் குத்தகையை எனக்கே கொடுக்கச் சொல்வார்களா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில்: அநேகமாகச் சொல்லமாட்டார்கள். குத்தகை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைப் பெறும் உரிமை தனி. மண்ணுக்கு அடியில் உள்ள கனிமம் மாநிலத்துடையது, மேலே யார் பெயரில் கிராண்ட் (நிலப் பட்டா) இருந்தாலும் சரி. ஆகையால் உங்கள் சொத்தைப் பறித்துவிட்டார்கள் என்ற வாதம் நிற்காது. உங்கள் விண்ணப்பம் சட்டப்படி பரிசீலிக்கப்பட வேண்டும் என்பதைத்தான் கோர்ட்டு காப்பாற்றும். வென்றாலும் வழக்கமாகக் கிடைப்பது மறுப்பு ரத்து, விண்ணப்பத்தைத் திரும்பப் பரிசீலிக்க உத்தரவு. இரண்டாம் முறை ஒழுங்கான முறையில், காரணத்தோடு மறுத்துவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு செலவில் இறங்குங்கள்.

எந்த வாதம் எடுபடும்? முதலாவது, முடிவெடுத்தது யார் என்பது. சட்டம் ஒருவருக்குக் கொடுத்த அதிகாரத்தை அவருக்குக் கீழே உள்ளவர் பயன்படுத்தியிருந்தாலோ, அதிகாரம் உள்ளவர் தன் மூளையைச் செலுத்தாமல் மேலிருந்து வந்த சொல்லுக்கு முத்திரை குத்தியிருந்தாலோ முடிவு விழும். இரண்டாவது, சட்டத்தில் இடமில்லாத நிபந்தனை. இதற்கு நம் நாட்டின் பெரிய முன்னுதாரணம் ஸ்ரீ லெம்பா வழக்கு, 1979-ஆம் ஆண்டு மலாயன் லா ஜர்னலில் வந்தது. நிலத்தின் பயன்பாட்டை மாற்றக் கேட்ட கம்பெனியிடம், "உன் நிரந்தர கிராண்டை ஒப்படைத்து 99 ஆண்டுக் குத்தகையாக வாங்கிக்கொள்" என்று நில அதிகாரிகள் நிபந்தனை போட்டார்கள். அந்த நிபந்தனைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் அதை அடித்தது. எந்தச் சட்ட அதிகாரத்துக்கும் சட்ட எல்லை உண்டு, கட்டற்ற விருப்புரிமை என்று ஒன்று கிடையாது என்பது பிற்காலத்தில் பேராக் சுல்தானான ராஜா அஸ்லான் ஷா அந்த வழக்கில் எழுதியது. சுரங்கத்துக்கும் அது அப்படியே பொருந்தும்.

மூன்றாவது நீங்கள் கேட்பது: காரணம் சொல்லாமை. எல்லா முடிவுக்கும் காரணம் எழுதியே ஆக வேண்டும் என்ற பொது விதி கிடையாது. ஆனால் 1968-இல் இங்கிலாந்தின் பேட்ஃபீல்ட் வழக்கில் பிறந்த ஒரு கொள்கை இங்கேயும் எடுபடும். கண்ணுக்குத் தெரிகிற காரணமெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்க, அதிகாரி மறுபக்கம் முடிவெடுத்து வாயும் திறக்காவிட்டால், சொல்லத்தக்க காரணமே இல்லை என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். எனவே "காரணம் தயவுசெய்து தெரிவிக்கவும்" என்று பதிவுத் தபாலில் இப்போதே ஒரு கடிதம் போடுங்கள். கேட்டும் கொடுக்கவில்லை என்றால்தான் அந்த மௌனத்தைச் சுட்டிக்காட்ட முடியும்.

வேறு ஒருவருக்குப் போகிறது என்பதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். கெட்ட நோக்கம் என்று குற்றம்சாட்டுவது எளிது, நிரூபிப்பது மிகவும் கடினம். இந்த வகை வழக்கு சாட்சியை நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்து நடப்பதல்ல, பிரமாணப் பத்திரங்களில் நடப்பது. காகிதம் இல்லாத சந்தேகத்தை முதல் பக்கத்தில் எழுதினால் பின்னால் வரும் நல்ல வாதங்களும் அதோடு அடிபடும்.

உங்கள் கடிதத்தில் எங்களுக்குக் கவலை தருவது ராயுவான். மறுப்பை எதிர்க்கும் வழி சீராய்வு மனு, மலாயில் செமாக்கான் கெஹாகிமான். நீதிமன்ற விதிகள் 2012-இன் 53-வது ஆணைப்படி, காரணம் எழுந்த நாளிலிருந்து அல்லது முடிவு முதலில் உங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், அதுவும் தாமதிக்காமல், மனு உள்ளே போயிருக்க வேண்டும். மந்திரி பெசாருக்கு எழுதிய கடிதம் அந்த நாளை நிறுத்தாது. பதிலுக்குக் காத்திருந்து நான்காம் மாதம் வக்கீலைப் பார்ப்பவர்கள்தான் இந்த வழக்குகளில் அதிகம். நல்ல காரணம் இருந்தால் நீதிமன்றம் கால நீட்டிப்புத் தரலாம். "ராயுவானுக்குப் பதில் வருமென்று இருந்தேன்" என்பது நல்ல காரணங்களில் பலவீனமானது.

மனு இரண்டு கட்டம். முதலில் முன் அனுமதி, வக்கீல்கள் லீவ் என்பார்கள். அதற்கு 109-ஆம் படிவத்தில் விண்ணப்பம், கூடவே அறிக்கையும் பிரமாணப் பத்திரமும். விசாரணைக்கு மூன்று நாளாவது முன்னதாகச் சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்துக்கும் படி போக வேண்டும். அந்தக் கட்டத்தில் எதிர்த்தரப்பு முழுமையாக இருக்காது என்பதால் உங்களுக்குப் பாதகமானதையும் நீங்களே சொல்லியாக வேண்டும். முந்தைய உரிமத்தில் ஏதாவது நிபந்தனையை மீறி நோட்டீஸ் வாங்கியிருந்தால் அதை ஒளிக்காதீர்கள். பிறகு தெரிந்தால் அதற்காகவே மனு போய்விடும். லீவ் கிடைத்தால் 14 நாளுக்குள் 110-ஆம் படிவத்தில் அடுத்த கட்டம். லீவ் கிடைத்ததாலேயே மற்றவருக்கு நிலம் போவது நின்றுவிடாது. தடை வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

பிரமாணப் பத்திரத்தோடு இணைக்க வேண்டியவை: தேடல் உரிமம், விண்ணப்பத்தின் முழுப் படி, கட்டணம் கட்டிய ரசீது, மாதிரி ஆய்வு அறிக்கை, எல்லை காட்டும் வரைபடம், மறுப்புக் கடிதம், அது வந்த உறை. ஆமாம், உறை. கடிதத்தில் ஒரு தேதி இருக்கும், தபால் முத்திரையில் மூன்று வாரம் தள்ளி இன்னொரு தேதி இருக்கும். மூன்று மாதக் கணக்கில் அந்த மூன்று வாரம் உங்களைக் காப்பாற்றலாம்.

இன்னொன்று, உங்களைப் போன்றவர்களுக்குப் பிற்காலத்தில் உதவும். "லுலுஸ்" (அனுமதி) என்று கடிதம் வந்துவிட்டாலும் குத்தகை கைக்கு வந்துவிட்டதாக எண்ண வேண்டாம். 2011-இல் வெளியான நார்த் ஈஸ்ட் பிளாண்டேஷன்ஸ் வழக்கில், டுங்குன் நிலத்தை மாநிலம் கொடுக்க ஒப்புக்கொண்டும், கட்ட வேண்டிய தொகை குறித்த காலத்துக்குள் கட்டப்படவில்லை. ஒப்புதலே காலாவதி, பதிவாகும்வரை அது அரசு நிலம்தான் என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அது சுரங்கக் குத்தகை வழக்கு அல்ல, நிலம் வழங்கும் வழக்கு. ஆனாலும் உங்கள் கடிதத்தில் கட்டணத்துக்கு ஒரு கடைசித் தேதி போட்டிருந்தால் அதைக் கல்லில் எழுதியதாகவே கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தாத்தா காலத்திலிருந்து நான்கு தலைமுறையாக இந்த லயத்தில் இருக்கிறோம். எங்களுக்குக் கேட்காமல் குத்தகை கொடுக்க முடியுமா? கேஸ் போட எங்களுக்கு உரிமை உண்டா, அண்ணா?

பதில்: இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்கிறீர்கள், தங்கச்சி. பிரித்தால்தான் தெளியும்.

இடத்தின் மேல் உரிமை உண்டா? கசப்பான பதில்தான். தேசிய நிலச் சட்டத்தின் 48-வது பிரிவுப்படி அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் பட்டா பிறக்காது. தனியார் கிராண்ட் நிலத்துக்கு 341-வது பிரிவு அதையே சொல்கிறது. லயம் தோட்டத்துடையது, நீங்கள் வேலையின் பேரில் இருப்பவர்கள். பூர்வகுடிகளான ஒராங் அஸ்லிகளின் நிலை வேறு: டெங்கில் பக்கம் தெமுவான் மக்கள் நிலத்தை நெடுஞ்சாலைக்கு எடுத்த வழக்கில், அவர்களுடைய மரபுவழி நிலத்துக்கும் நிலக் கையகச் சட்டப்படி இழப்பீடு உண்டு என்று 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நமக்கு அந்த வாதம் கிடையாது. சுரங்கத்துக்காகத் தோட்டத்தில் ஆட்குறைப்பு வந்தால் 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி இழப்பீடு உண்டு: சேவையின் ஒவ்வோர் ஆண்டுக்கும், இரண்டு ஆண்டுக்குக் குறைந்தவர்களுக்கு 10 நாள் சம்பளம், ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். அது தொழிலாளர் இலாகா விவகாரம், சுரங்கக் குத்தகையோடு குழப்ப வேண்டாம்.

கேஸ் போட உரிமை உண்டா? இதில் காலம் மாறியிருக்கிறது. பக்குன் அணைக்காகத் தங்கள் ஊர்களை இழக்க இருந்த சரவாக் மக்கள் 1996-இல் ஹைக்கோர்ட்டில் வென்றார்கள். மறுவருடமே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனால் 2014-இல் வெளியான மலேசியத் தொழிற்சங்க காங்கிரஸ் வழக்கில், தண்ணீர்ச் சலுகை ஒப்பந்தத்தைப் பார்வைக்குக் கேட்ட விவகாரத்தில், கூட்டரசு நீதிமன்றம் வாசலை அகலமாகத் திறந்தது. முடிவால் பாதகம் அடைபவர் என்று காட்டினால் போதும், தனிப்பட்ட சொத்துரிமை இருந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. எனவே லயத்து வீடு உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும், அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிப்பவர், அந்த லாரிச் சாலை ஓரம் குடியிருப்பவர் என்பதைக் காட்டலாம். அப்படிக் காட்டக்கூடிய இரண்டு மூன்று பேர் பெயரில் மனு போடுவதுதான் நல்லது. ஐம்பது பேரைப் போட்டால் ஐம்பது பிரமாணப் பத்திரம்.

கேள்வி: சுற்றுச்சூழல் அறிக்கை இல்லாமல் குத்தகை கொடுத்தால் செல்லாது அல்லவா? எங்கள் இடம் 240 ஹெக்டர்தான் என்கிறார்கள். புக்கிட் கோமானில் ஏன் தோற்றார்கள்?

பதில்: 240 என்ற எண் தற்செயலாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 1987-ஆம் ஆண்டு ஆணையில் 250 ஹெக்டருக்கு மேற்பட்ட புதிய சுரங்கக் குத்தகைக்குத்தான் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு தேவைப்பட்டது. அந்த எல்லைக்கு ஒரு காலடி உள்ளே நிற்கும் விண்ணப்பங்களைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். 2015-இல் வந்த புது ஆணை அதை இறுக்கியது. 250 ஹெக்டருக்குக் குறைந்த சுரங்கங்களும் இப்போது அறிக்கை தேவைப்படும் திட்டங்களின் அட்டவணைக்குள் வரக்கூடும். ஆகவே "250-க்குக் கீழே, அறிக்கை வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அது பழைய பாடம். சுற்றுச்சூழல் துறையிடம் எழுத்தில் கேளுங்கள்: இந்த விண்ணப்பம் எந்த அட்டவணையில், எந்த உருப்படியில் வருகிறது? இரண்டாம் அட்டவணை என்றால் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஊர் கருத்துச் சொல்லும் இடம் அதுதான். பக்கத்திலேயே இன்னொரு துண்டுக்கும் அதே ஆட்கள் கேட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஒரே சுரங்கத்தை இரண்டாக வெட்டிக் கேட்டிருந்தால் இரண்டு வரைபடத்தையும் ஒரே தாளில் ஒட்டிக் காட்டுவதே பாதி வாதம்.

புக்கிட் கோமான் பாடம் வேறு. பகாங் மாநிலத்து ரவூப்பில் உள்ள அந்த ஊரில் சயனைட் கொண்டு தங்கம் பிரிக்கும் ஆலைக்கான அறிக்கை 1997-இல் ஒப்புதல் பெற்றது. ஊர்மக்கள் கோர்ட்டுக்குப் போனது 2008-இல். அன்றைய விதிப்படி அவகாசம் வெறும் 40 நாள். தங்களுக்கு அந்த ஆண்டுதான் தெரிய வந்தது என்று வாதாடியும் கூட்டரசு நீதிமன்றம் வரை ஏற்கப்படவில்லை. அறிக்கை நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை. லீவ் கட்டத்திலேயே, காலதாமதத்தில், கதவு சாத்தப்பட்டது. இப்போது மூன்று மாதம் என்றாலும் வலி அதே வலிதான்.

தகவல் கேட்டு வாங்குவதிலும் ஒரு சிக்கல். சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் சுதந்திரச் சட்டம் உண்டு. பேராக்கில் அப்படியொரு சட்டத்தை நம்பி உட்கார முடியாது. எனவே ஊரில் ஒருவர் மாதம் ஒரு முறை தாப்பாவுக்கும் பிதிஜிக்கும் போய் நிலை கேட்பதை வழக்கமாக்குங்கள். கேட்ட தேதி, கவுண்டர் எண், கிடைத்த பதில் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும்.

கேள்வி: லாரி லாரியாகச் சிவப்பு மண் போகிறது. இதுவும் சுரங்கக் குத்தகைதானா?

பதில்: இல்லை. மண், மணல், கருங்கல், களி எல்லாம் தேசிய நிலச் சட்டத்தில் பாறைப் பொருள், கனிமம் அல்ல. அதற்குத் தேவை நில அலுவலகம் தரும் 4சி படிவ அனுமதி. அந்த அனுமதி எந்த லாட்டுக்கு, எத்தனை கன மீட்டருக்கு, எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். லாரி எண்ணும் நேரமும் குறித்த பட்டியல் கையில் இருந்தால் நில அலுவலகத்தின் அமலாக்கப் பிரிவு வேகமாக நகரும்.

கேள்வி: என் பெயரில் மூன்று ஏக்கர் கிராண்ட் இருக்கிறது, டுரியானும் கொஞ்சம் செம்பனையும். சுரங்கத் திட்டத்துக்காக எடுக்கப் போவதாகச் சொல்லி "போராங் இ" (விசாரணை அறிவிப்புப் படிவம்) வந்திருக்கிறது. நிலத்தடியில் ஈயம் இருந்தால் அதற்கும் சேர்த்துக் காசு வாங்கலாமா?

பதில்: முதலில் நில அலுவலகத்தில் ஒரு சாரியான் ரஸ்மி (அதிகாரபூர்வப் பதிவுத் தேடல்) எடுத்து, உங்கள் கிராண்டில் கடனோ காவியட்டோ (தடைக் குறிப்போ) இருக்கிறதா என்று பாருங்கள். நிலக் கையகச் சட்டம் 1960-இன் மூன்றாம் பிரிவில் சுரங்கத்துக்காக எடுக்கலாம் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. அதனால் "பொதுநலம் இல்லை" என்ற வாதத்தில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். ஈயத்துக்குக் காசு கிடைக்காது, அது உங்களுடையது அல்ல. கிடைப்பது மேல் நிலத்தின் சந்தை விலை, மரங்கள், துண்டாகிப்போன மிச்ச நிலத்தின் மதிப்புக் குறைவு, இடம்மாறும் செலவு.

போராங் இ-யில் விசாரணை நாள் இருக்கும். அன்று வெறுங்கையோடு போகாதீர்கள். எழுத்தில் ஒரு தொகையைக் கோருங்கள். ஏனென்றால் 37-வது பிரிவுப்படி, உரிய காலத்தில் கோரிக்கை வைத்தவரும், நில நிர்வாகி தீர்ப்பளிக்கும் தொகையை ஏற்காதவர் அல்லது ஆட்சேபத்தோடு பெற்றவரும்தான் பின்னால் நீதிமன்றம் போகலாம். இந்த ஆட்சேபம்தான் நிறையப் பேருக்கு வினை: காசோலையைக் கண்டதும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். "பன்தாஹான்" (ஆட்சேபம்) என்ற குறிப்போடு வாங்குங்கள், அந்தத் தாளைப் படி எடுங்கள். நீங்கள் விசாரணைக்கு வந்திருந்தால் தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் போராங் என் (ஆட்சேபப் படிவம்) போக வேண்டும். மூன்று மாதமல்ல, அந்தக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்.

அந்த வழக்கில் ஹைக்கோர்ட்டு நீதிபதியோடு இரண்டு மதிப்பீட்டாளர்கள் உட்காருவார்கள். முன்பு தொகையை அவர்கள்தான் முடிவு செய்யும் நிலை இருந்தது. 2017-இல் செமினி ஜெயா வழக்கில் அது நீதிபதியின் அதிகாரத்தைப் பறிப்பது, அரசியலமைப்புக்கு முரண் என்று கூட்டரசு நீதிமன்றம் அடித்தது. இப்போது அவர்கள் கருத்துச் சொல்பவர்கள், முடிவு நீதிபதியுடையது. அவர் பார்ப்பது ஒப்பீட்டு விற்பனை: அதே முக்கிமில் (மாவட்டத்தின் உட்பிரிவில்), அதே வகை நிலம், அரசிதழ் தேதிக்கு அருகில் என்ன விலைக்குப் போனது? நகர ஓரத்து லாட்டைக் கொண்டுவந்து மூன்று ஏக்கர் விவசாய நிலத்தோடு ஒப்பிட்டால் அதை நீக்கிவிட்டு அரசுத் தரப்பின் ஒப்பீட்டையே எடுத்துக்கொள்வார். பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் அறிக்கைக்குச் செலவிடுவது வீண் அல்ல. டுரியான் மரங்களை வயதோடு எண்ணி, படத்தோடு பட்டியல் போடுங்கள். கொடுத்த பிறகு எண்ண முடியாது.

கேள்வி: கோவில் ஓரத்தில் எல்லைக் கல் நட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: கோவில் நிலம் தேசிய நிலச் சட்டத்தின் 62-வது பிரிவில் ரிசாப் (ஒதுக்கீட்டு நிலம்) என்று அரசிதழில் வந்திருக்கிறதா என்று நில அலுவலகத்தில் கேளுங்கள். வந்திருந்தால் அரசிதழ் எண்ணே உங்கள் ஆயுதம். வராமல் தோட்ட நிலத்தில் இருந்தால் முதலில் பேச வேண்டியது தோட்ட நிர்வாகத்தோடு, பிதிஜியோடு அல்ல. கல்லைப் பிடுங்காதீர்கள், அது குற்றம். அதன் எண்ணோடு படம் எடுங்கள்.

கேள்வி: குத்தகை கொடுத்தே விட்டார்கள், மூன்று மாதமும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். மழையில் சேற்றுத் தண்ணீர் காய்கறிப் பாத்திக்கு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா?

பதில்: இல்லை. குத்தகை செல்லும் என்பது அடுத்தவன் பாத்தியில் சேறு கொட்டும் உரிமம் அல்ல. அது தனி வழக்கு, சீராய்வு அல்ல. தொல்லை, அசட்டை ஆகியவற்றின் பேரில் சுரங்கக்காரர்மீது நட்டஈடு கேட்கலாம், அவகாசம் ஆறு ஆண்டு. அரசுத் துறையையும் சேர்த்தால் அதற்கு 36 மாதம்தான்.

இங்கே வெற்றி தோல்வி மாதிரியில் இருக்கிறது. சேறு வந்த அன்றே மூன்று இடத்தில் தண்ணீர் எடுங்கள்: சுரங்கத்துக்கு மேலே ஓடையில், அது வெளியேறும் வாயில், உங்கள் பாத்தியில். மேலே எடுத்தது தெளிவாகவும் கீழே எடுத்தது கலங்கலாகவும் இருந்தால்தான் காரணம் நிரூபணமாகும். ஒரே ஒரு போத்தலைக் கொண்டுபோனால் "மழைக்கு எல்லா ஓடையும் கலங்கும்" என்பார்கள். புதிய போத்தல், அதே தண்ணீரில் மூன்று முறை அலசி நிரப்பி, இடம், நேரம், எடுத்தவர் பெயர் எழுதி ஒட்டி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, சாம் எனப்படும் மலேசிய ஆய்வக அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அன்றோ மறுநாளோ சேர்க்க வேண்டும். கைமாறும் ஒவ்வொரு முறையும் கையெழுத்து வாங்குங்கள். ஜேஎம்ஜிக்கும் சுற்றுச்சூழல் துறைக்கும் அன்றே புகார் போனால் அவர்களே வந்து எடுக்கும் மாதிரி நீதிமன்றத்தில் உங்களுடையதைவிட எளிதாக ஏறும். குத்தகைக்காரர் ஜேஎம்ஜியிடம் கொடுத்த சுரங்க நடத்துத் திட்டத்தில் வண்டல் குளம் எத்தனை, எங்கே என்று இருக்கும். வழக்கு தொடங்கியதும் அந்த ஆவணத்தைக் கேட்டு வாங்கச் சொல்லி வக்கீலிடம் சொல்லுங்கள். வரைபடத்தில் நான்கு குளமும் நிலத்தில் இரண்டும் இருந்தால் மீதியை அவர்தான் விளக்க வேண்டும்.